மணப்பாட்டுக் கோயிலைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே போகும் பஸ் குலசேகரன்பட்டினத்தைத் தாண்டியதும் பனைமரங்கள் சாலையை நெருங்கி வருகின்றன. மண்ணின் நிறம் மாறுகிறது, காற்றில் உப்பு ஏறுகிறது. மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். மணப்பாட்டில் இறங்கி ஊருக்குள் நடந்தால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எதிர்பார்க்காத உயரத்தில் வீடுகள், தூண் வைத்த முகப்புகள், ஒன்றுக்கு மூன்று கோயில்கள். தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டின் மீது வெள்ளையாக நிற்பது திருச்சிலுவைக் கோயில். அருகிலேயே கலங்கரை விளக்கம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் மேட்டில் ஏறி, கடலைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாலை வழியாக வருகிறவர்களுக்கு இது பயணத்தின் கடைசி முனை. ஆனால் இந்தக் கோயிலை உண்டாக்கியவர்களுக்கு இது முதல் முனை. சிலுவை, பாதிரியார், போர்ச்சுகீசியர், முத்து வணிகம், போர்ச் செய்தி, பிற்காலத்தில் கொழும்புப் பணம் என இந்த ஊரை மாற்றிய ஒவ்வொன்றும் நீர்வழியாகவே வந்தது. ஆகவே மணப்பாட்டுக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: மேட்டில் ஏறுவதற்கு முன்னால் கீழே அலையோரம் வரை நடந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கோயிலை ஒருமுறை பாருங்கள்.

அப்படி நின்றால் முதலில் புலப்படுவது நிலத்தின் வடிவம். தெற்கு, மேற்கு, வடக்கு என்று பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும் கரையில் இந்த ஒரு மேடு மட்டும் எழுந்து கடலுக்குள் மூக்கை நீட்டுகிறது. கருமேனியாறு இங்கேதான் கடலைச் சேர்கிறது. ஆற்று முகத்தில் மணல் திட்டும் உப்பங்கழியும் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில், அதாவது கச்சான் அடிக்கும் மாதங்களில், அலைகள் தெற்கிலிருந்து வந்து மோதும். மேட்டின் மறுபக்கம் அந்த வேகம் அடங்கிவிடும். பாய்மரக் கப்பல் ஓட்டியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிற ஒரு மேடு, அதன் மறைவில் நங்கூரம் போட ஓர் இடம், ஆற்று முகம், பக்கத்திலேயே குலசேகரன்பட்டினம் என்ற பழைய துறைமுகம். கோயில் இந்த மேட்டில் எழுந்ததற்கு என்னென்ன பக்திக் காரணங்கள் சொன்னாலும், அவற்றுக்கு அடியில் இந்தக் காரணம் கிடக்கிறது.

மேட்டின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து பாறை மாதிரி தெரிவது உண்மையில் மணல். காற்று கொண்டுவந்து குவித்த மணலைச் சிப்பித் தூளின் சுண்ணாம்பு காலப்போக்கில் கட்டியாக இறுக்கிவிட்டது. அடுக்குகள் கிடைமட்டமாக இல்லாமல் சாய்வாக ஓடுவதைக் கவனித்தால், மணற்குன்று ஒரு காலத்தில் எந்தப் பக்கம் சரிந்து வளர்ந்தது என்பது கூடத் தெரியும். நகத்தால் சுரண்டினால் துகள் உதிர்கிறது. அலை வந்து அடித்த இடங்களில் குடைவுகள் விழுந்திருக்கின்றன. ஊரின் பெயரே மணல் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். இந்தச் சுவரின் அருகே நிற்கும்போது அதை மறுக்கத் தோன்றவில்லை.

ஊரார் சொல்லும் தொடக்கக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1540-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் புயலில் சிக்கியது. பாய் கிழிந்து, பாய்மரம் முறிந்தது. உயிரோடு கரை சேர்ந்தால் முறிந்த மரத்திலேயே ஒரு சிலுவை செய்து, சேர்ந்த இடத்தில் நடுவேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டான். கப்பல் இந்தக் கரையில் ஒதுங்கியது, சிலுவையும் நடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த மரத்தைச் சுற்றி அற்புதக் கதைகள் வளர்ந்தன. அது நின்ற மேட்டில் 1581-இல் கோயில் எழுந்தது. இயேசு அறையுண்ட சிலுவையின் சிறு துண்டு ஒன்று ரோமிலிருந்து இங்கே வந்து சேர்ந்ததாகவும் மரபு சொல்கிறது. செப்டம்பர் 14 அன்று நடக்கும் மகிமைத் திருவிழாவின் மையம் அந்தத் துண்டுதான்.

இந்தக் கதையில் என்னை நிற்க வைப்பது மரம். புயலுக்குத் தோற்ற பாய்மரத்தைக் கும்பிடும் பொருளாக ஏற்றுக்கொள்ள உழவர் கிராமம் தயங்கியிருக்கலாம். கடல்புரத்தானுக்கு அதில் விளக்கம் தேவைப்படவில்லை. பாய்மரம் முறிவது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். முறிந்த பிறகும் கரை சேர்வது என்றால் என்ன என்பதும் தெரியும்.

ஆனால் சிலுவை, மதத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஊரில் வந்து விழவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரையின் பரதவர்கள், அதாவது மீன்பிடிப்பும் முத்துக்குளிப்பும் தொழிலாகக் கொண்டவர்கள், ஒரு பெரிய முடிவை எடுத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, யார் கையில் இருப்பது என்பதில் அவர்களுக்கும் கடல் வணிகத்தில் ஓங்கியிருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே பகை முற்றியிருந்தது. கோழிக்கோட்டைச் சேர்ந்த குதிரை வணிகர் ஜோவான் தா குரூஸ், போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேளுங்கள் என்று ஆலோசனை சொன்னார். பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் கரையோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றன. ஏறத்தாழ 20,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். 1538-இல் வேதாளையில் நடந்த போரில் போர்ச்சுகீசியர் வென்றதும் முத்துக் கடலின் பிடி கைமாறியது.

இதைச் சொல்லும்போது, காசுக்கும் காவலுக்கும் மதம் மாறியவர்கள் என்று சுருக்கமாக முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொழிலையும் உயிரையும் காப்பாற்றிக்கொள்ள ஒரு சமூகம் ஒன்றாகக் கூடி முடிவெடுத்தது என்பது உண்மை. அந்த முடிவை அடுத்த பல தலைமுறைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. காவல் தந்தவர்கள் ஒரு நூற்றாண்டு கடந்து வெளியேறியபோது நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மறை சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த நிலையில்தான் பிரான்சிஸ் சவேரியார் வருகிறார். 1542 மே மாதம் கோவாவில் இறங்கியவர், அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இதே கரையைச் சேர்ந்த, கோவாவில் படித்த மாணவர்கள் உடன் வந்தார்கள். அவர் தாய்மொழி பாஸ்கு, இவர்கள் மொழி தமிழ். இரண்டு பக்கமும் ஓரளவு தெரிந்தவர்களை உட்கார வைத்து, பல நாள் உழைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கியதாக 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துச் சிறுவர்களைக் கூட்டி, வரிவரியாகச் சொல்ல வைத்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது என்றும் எழுதியிருக்கிறார். அதே கடிதங்களில், சிறுவர்களை விட்டுச் சிலைகளை உடைக்கச் சொன்னதையும் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். இன்று படிக்கையில் நெஞ்சு உறுத்தும் பகுதி அது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

1544-இல் அவர் மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் பல கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை கரையின் வேறு ஊர்களில் பணி செய்த பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்ற துணைவருக்கு எழுதியவை. புனிதர் என்ற பட்டம் கிடைப்பதற்கு முன்பிருந்த மனிதரை அவற்றில் பார்க்கலாம்: அவசரக்காரர், சலிப்படைகிறவர், மறுபடி பொறுமையைப் பிடித்துக்கொள்கிறவர். அந்த ஆண்டுக் கடிதம் ஒன்றில் மொழிபெயர்ப்புத் திருத்தம் வருகிறது. விசுவாச மந்திரத்தில் இனிமேல் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லாதே, ‘விசுவாசம்’ என்று சொல், ஏனென்றால் முன்னது விரும்புகிறேன் என்று பொருள்படும் என்கிறார். இன்னொரு இடத்தில் ‘வன்பினாலே’ என்ற சொல்லை நீக்கச் சொல்கிறார். கட்டாயத்தால் பாடுபட்டார் என்ற பொருள் வந்துவிடுமாம், கிறிஸ்து தம் விருப்பத்தோடு பாடுபட்டவர் என்பதால்.

இரண்டே சொற்கள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது. இந்தச் சொல் சரியில்லை என்று அவரிடம் எடுத்துச் சொன்னவர் யாரோ ஒரு தமிழர். பெயர் தெரியாத அந்தக் கரைக்காரர் இல்லையென்றால் ஊர் முழுக்கக் கடவுளை ‘வேணும்’ என்றே செபித்திருக்கும்.

அதே 1544 ஜூனில் வடுகர் என்று அழைக்கப்பட்ட தெலுங்கர்களின் படை கரையோரத்தைச் சூறையாடியது. கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். பசியாலும் தாகத்தாலும் அங்கேயே பலர் செத்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடிதத்தில் அவர் எழுதும் சொல் கூட நம் ‘தோணி’தான். ஆனால் போய்ச் சேர முடியவில்லை, எதிர்க்காற்று. ஜூன் மாதம் இந்த மேட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி தென்மேற்கே இருக்கிறது, கச்சான் வருவதும் தென்மேற்கிலிருந்துதான். துடுப்பும் கயிறும் தோற்றுத் தோணிகள் திரும்பின. பிறகு அவர் தரைவழியாக நடந்து போனார்.

மேட்டின் கீழே கடலைப் பார்த்தபடி ஒரு குகை இருக்கிறது. சவேரியார் தங்கிச் செபித்த இடம் என்று மக்கள் அதைப் போற்றுகிறார்கள். முன்னே சொன்ன அதே மணற்பாறையில் விழுந்த குடைவுதான் அது. உள்ளே போகக் குனிய வேண்டும். வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில், உள்ளே ஈரமும் மெழுகுவர்த்திப் புகையும். அங்கே ஒரு கல்வெட்டு, இந்தக் குகை சைவத் துறவி ஒருவரின் இருப்பிடமாக இருந்து, பின்னர் சவேரியாரின் செபத்தாலும் தவத்தாலும் புனிதமானது என்று சொல்கிறது.

எழுதி வைத்தவர்கள் நினைத்திருந்தால் முதல் பாதியை விட்டிருக்கலாம், விடவில்லை. அந்தத் துறவி யார் என்று பெயர் இல்லை. ஆனால் அவர் இங்கே இருந்தார் என்பதைக் கிறிஸ்தவர்களே கல்லில் பொறித்துக் காத்து வருகிறார்கள். சிலையுடைப்புக் கடிதங்களைப் படித்துவிட்டு வருகிறவருக்கு இந்த வரி பெரிய ஆறுதல். வடக்கே நடந்துபோகும் தூரத்தில் திருச்செந்தூர் முருகன் இருக்க, இந்தக் கரையில் தவம் செய்ய ஒரு சைவர் இடம் தேடியதில் வியப்பில்லை.

குகைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று உண்டு. அலையிலிருந்து எட்டும் தூரத்தில் உப்பில்லாத நீர் எப்படி என்று எல்லோரும் வியக்கிறார்கள். அருள் என்று நம்புகிறவரின் நம்பிக்கையில் நான் குறுக்கிடப் போவதில்லை. நிலத்தடியில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். மணல் மழையை உறிஞ்சிக்கொள்கிறது. மழைநீர் கடல்நீரைவிடக் கனம் குறைந்தது என்பதால், கீழே ஊறி நிற்கும் உப்புநீரின் மேல் அது ஒரு தனிப் படலமாக மிதக்கிறது. மணல் இடைவெளிகளில் இரண்டும் மெதுவாகத்தான் கலக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மணல் மேடு உயர்ந்த இடங்களில் இந்தப் படலம் தடிப்பாக இருக்கும். ஆழ்துளை போட்டு மோட்டாரில் அளவில்லாமல் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறிவிடும், பிறகு அது எளிதில் இறங்காது. கடற்கரை ஊர்களில் கிணறு கெட்டுப்போகும் கதை பெரும்பாலும் இதுதான்.

சவேரியாருக்குப் பின் வந்தவர்களில் அன்றீக்கு அடிகள் என்று நாம் சொல்லும் என்றிக்கே என்றிக்கசு, அவர் தொட்டுவிட்டுப் போன மொழி வேலையை முழு வாழ்நாளும் செய்தார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கம்தான். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்ற இடம் அதற்கு உண்டு. இந்தக் கரையின் மக்களுக்காக எழுந்த நூல் அது. கடவுளுக்கு அதில் வைத்த சொல்லைக் கவனியுங்கள்: தம்பிரான். சைவ மடங்களின் சொல். குகையின் பழைய குடியிருப்பாளர் கேட்டிருந்தால் அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார்.

சொற்கள் இரண்டு பக்கமும் போயின. குருசு, பாதிரி மட்டுமா? மேசை, சன்னல், சாவி, அலமாரி, பீப்பாய், ஏலம் எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவை. மீன் ஏலம் நடக்கும் கரையில் நின்று இதை நினைத்துக்கொள்ளலாம். பர்னாந்து, மச்சாது, மிராண்டா, கொரைரா, ரொட்ரிகோ என்ற குடும்பப் பெயர்களைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் கலப்பு வம்சம் என்று எண்ணிவிடுவார்கள். அவை திருமுழுக்கின்போது ஏற்ற பெயர்கள். ஆட்கள் அதே பரதவர்கள்.

1658-இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர், கத்தோலிக்கப் பாதிரிகளை விரட்டினார்கள், கோயில்களைப் பறித்தார்கள், மக்களைத் தங்கள் சபைக்கு இழுக்க முயன்றார்கள். மேலே நிறுத்தி வைத்த கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஆதாயம் மட்டுமே காரணம் என்றால் புதிய எசமானர்களின் சபைக்கு மாறுவதே ஆதாயம். கரை மக்கள் மாறவில்லை. சாதித் தலைவரின் கட்டுப்பாடு, ஊர்ப் பெரியவர்கள், மனப்பாடமாகத் தெரிந்த தமிழ்ச் செபங்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு கடந்தார்கள். மணி அடித்துச் சொல்லிக் கொடுத்த வரிகள் அப்போது உதவின.

மணப்பாட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் சிறிது தூரத்திலேயே வேறொரு கிறிஸ்தவ உலகம் தொடங்குகிறது. செம்மண் தேரிக்காட்டுக்கு நடுவே மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் கட்டிய, 192 அடிக் கோபுரம் கொண்ட கோயில். இன்னும் தெற்கே இடையன்குடியில் கால்டுவெல் கட்டி 1880-இல் பிரதிஷ்டை செய்த கோயில். அவை பனையேறிகளின் ஊர்கள், புராட்டஸ்டண்டு சபை, பத்தொன்பதாம் நூற்றாண்டு. கடற்கரையில் பதினாறாம் நூற்றாண்டு, கத்தோலிக்கம். நேரம் இருப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

ஊருக்குள் இருக்கும் பெரிய வீடுகளுக்கு வருகிறேன். அவை கொழும்பு வணிகத்தில் எழுந்தவை. தோணி கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் இந்தக் குடும்பங்கள் அங்கே கடை நடத்தின, இங்கே வீடு கட்டின. நாட்டு விடுதலைக்குப் பின் இரு பக்கமும் குடியுரிமையும் இறக்குமதியும் இறுகியதும் அந்த வழி அடைந்துபோனது. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் திண்ணையில் இன்று ஓலைப் பெட்டி முடைகிறார்கள்.

கோயிலின் சுவரைப் பற்றி ஒரு கவலை. கடலோரக் கட்டடத்துக்கு மழையைவிடக் கொடிய எதிரி உப்பு. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சுவருக்குள் இறங்கும். வெயிலில் ஈரம் வெளியேறும்போது உப்பு படிகமாக இறுகி, பூச்சை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும், ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கல்லை அரிக்கும். மேலே பார்க்கப் பளபளப்பு, உள்ளே சேதம். நம் கரையில் எத்தனையோ பழைய கோயில்கள் நல்லெண்ணத்தில் பூசிய சிமெண்டால் கெட்டுப்போயிருக்கின்றன. தனுஷ்கோடிக்குப் போனவர்கள் 1964 டிசம்பர் புயலில் அழிந்த கோயிலின் மிச்சத்தைப் பார்த்திருப்பார்கள். பூச்சு முழுக்க உதிர்ந்த சுவரில் பவளக் கற்களின் பூ வடிவம் அப்படியே தெரியும். அழகாக இருக்கிறது என்று படம் எடுக்கிறோம். அது எலும்பு தெரியும் சுவர். மணப்பாட்டில் எந்தப் பழுதுபார்ப்பு நடந்தாலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது கூடுதல் செலவாக இருந்தாலும் தகும்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். செப்டம்பர் முதல் பாதி திருவிழாக் காலம். கேரளத்திலிருந்தும் கூட்டம் வரும், மேடு முழுக்கத் தலைகள். அதைப் பார்க்க விரும்பினால் அப்போது போங்கள். கோயிலைப் பார்க்க விரும்பினால் மற்ற நாட்களில் விடியற்காலை போங்கள். நண்பகலில் மணல் பாதத்தைப் பொசுக்கிவிடும். பூசை நேரத்தில் உள்ளே படம் எடுக்காதீர்கள். குகையில் முழங்காலிட்டிருப்பவர் எழும்வரை வெளியே காத்திருங்கள். பாறையில் பெயர் கிறுக்காதீர்கள், அது மணல் என்று முன்பே சொன்னேன்.

நான் கடைசியாகப் போனபோது அலையோரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கடலுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் கோயில் தெரியுமா, அண்ணாச்சி என்று கேட்டேன். கோயிலையும் கலங்கரை விளக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் தம்பி என்றார். இரண்டும் எந்த இடைவெளியில் தெரிகின்றன என்பதை வைத்து, கீழே ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டு எங்கே இருக்கிறது, வலையை எங்கே விடலாம் என்று முடிவு செய்வார்களாம். கருவிகள் வந்துவிட்டன, மகன் அதைத்தான் பார்க்கிறான், நான் இன்னும் இதைத்தான் பார்க்கிறேன் என்று சொல்லி மேட்டின் பக்கம் கையைக் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து கோயிலும் விளக்கமும் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டடி தள்ளிப் போய் நின்றபோது கொஞ்சம் நெருங்கின.